திருகைத் தொடாத ஐம்பது போர்டு

நாகலாபுரத்துக்காரி யோகலட்சுமிக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று கம்பெனியில் எல்லாரும் சொல்வார்கள். நீளம்தான், யார் இல்லையென்றது? ஆனால் அந்த வாய் மட்டும் இல்லையென்றால் இன்றைக்கு முப்பத்திரண்டு பெண்கள் பழையபடி தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டப் போயிருப்பார்கள். அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமா இல்லையா?

ஆட்டுக்காரர் வீட்டுப் பிள்ளை அவள். லீவு நாளெல்லாம் கரிசக்காட்டில் ஆடு மேய்த்துக்கொண்டே பன்னிரண்டாவது முடித்தாள். கோவில்பட்டியில் கட்டிக்கொடுத்தார்கள். தீப்பெட்டி ஆபீசில் ஆறு வருஷம் போனது. தங்கப்பாண்டியன் முதலாளி எல்இடி விளக்குக்கு போர்டு செய்கிற கம்பெனியை ஆரம்பித்ததும் இங்கே வந்துவிட்டாள். போர்டு மேல் சோல்டர் பேஸ்ட் என்கிற பற்றவைப்புப் பசையைத் தடவுகிற மெஷினுக்குப் பக்கத்தில் அவளுடைய மேசை. தடவி வருகிற பேஸ்ட் எத்தனை மைக்ரான் கனம் என்று அளந்து நோட்டில் எழுத வேண்டும். 120 இருந்தால் உத்தமம். 90-க்குக் கீழே இறங்கக் கூடாது, 150-க்கு மேலே ஏறக் கூடாது.

போர்டு வாங்குகிற ஓசூர்க்காரர்களுக்கு இது போதவில்லை. வரிசையாக ஐம்பது போர்டை அளந்து 'சிபிகே' என்று ஒரு கணக்குப் போடச் சொன்னார்கள். அளவுகள் எவ்வளவு சிதறுகின்றன, எல்லையைவிட்டு எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று ஒரே எண்ணில் சொல்லிவிடுகிற கணக்கு. 1.33-க்குக் குறையாமல் வந்தால் ஆர்டர் நிலைக்கும். வராவிட்டால் ஆர்டர் வேறு ஊருக்கு, லைனுக்குப் பூட்டு. தலையால் தண்ணி குடித்துப் பார்த்தார்கள். மூன்று தடவையும் 0.94-ஐச் சுற்றியே வந்தது.

இத்தனைக்கும் லைன் சூப்பர்வைசர் பூவனநாதன் தங்கமான மனுஷன். அவர் செய்த தப்பெல்லாம் அக்கறையால் செய்த தப்பு. தீப்பெட்டி ஆபீசில் இருபது வருஷம் குச்சிக்கு மருந்து முக்கியவர். குச்சி அடுக்கிய ஒவ்வொரு சட்டத்தையும் கண்ணால் பார்த்து, அடுத்த சட்டத்துக்குள் மருந்தைத் திருத்திவிடுகிற கை அது. இங்கேயும் அதே கைதான். 128 என்று யோகலட்சுமி வாசித்தால் போதும், மெஷினில் பேஸ்ட்டை அழுத்துகிற திருகை ஒரு இணுக்கு முறுக்குவார். 113 என்றால் திருப்பி விடுவார். அவர் சாப்பிடப் போனால் அந்தப் புண்ணியத்தை மற்றவர்கள் கட்டிக்கொள்வார்கள்.

யோகலட்சுமி ஒரு காரியம் செய்தாள். திருகில் கை படுகிற போதெல்லாம் நோட்டில் ஒரு புள்ளி வைத்தாள். ஐம்பது போர்டில் முப்பத்தொரு புள்ளி! புள்ளி விழுந்த இடத்துக்கு அடுத்த அளவு பெரும்பாலும் எதிர்ப்பக்கம் ஓடியிருந்தது. நோட்டைக் கொண்டுபோய் நேரே அவரிடமே காட்டினாள். மனுஷனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"அளவு ஆடுததைக் கண்ணால பாத்துக்கிட்டுச் சும்மா இருக்கச் சொல்லுதியா?"

"அண்ணாச்சி, ஒரு ஆடு நாலு எட்டு விலகுதுன்னு கல்ல விட்டு எறிஞ்சா அது எதிர்ப்பக்கம் பாயும், மந்தையே கலைஞ்சிரும். விட்டுட்டா அதுவாத் திரும்பிரும். மெஷினும் அஞ்சு பத்து ஆடத்தான் செய்யும். ஆடட்டுமே."

விஷயம் முதலாளிவரை போனது. வியாழக்கிழமை திருகைத் தொடாமல் ஓட்டிச் சோதித்துப் பார்க்கலாம், சொன்னது தப்பினால் அளக்கிற மேசையை விட்டு எழுந்துவிட வேண்டும் என்றார் அவர். சரியென்று தலையாட்டிவிட்டு வந்தாள். ஆனால் புதன்கிழமை காலையிலேயே ஓசூர் கம்பெனி அதிகாரி சுதாராணி ரயிலிறங்கி வந்து நின்றார். ஐம்பது போர்டையும் தன் கண் முன்னாலேயே ஓட்டச் சொன்னார். யோகலட்சுமி நோட்டில் புதுப் பக்கத்தைப் புரட்டி வைத்துக்கொண்டாள். ஒத்திகையே இல்லாமல் நேரே அரங்கேற்றம்.

மெஷினை 120-க்கு வைத்தார்கள், ஓட்டினார்கள். 118, 125, 114. ஒவ்வொரு எண்ணுக்கும் பூவனநாதன் நெளிந்தார். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அவர் பட்ட பாடு இருக்கிறதே, சும்மா இருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. இருபத்தாறாவது போர்டில் 137 வந்தது. கட்டியிருந்த கை அவிழ்ந்து திருகுக்குப் போய்விட்டது.

யோகலட்சுமி எழுந்து திருகைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். "வேண்டாம் அண்ணாச்சி. இதைத் தொட்டா லைனு போயிரும்."

அடுத்தது 155 வந்துவிட்டால் முப்பத்திரண்டு குடும்பத்தின் பாவமும் தன் தலையில் என்று அவளுக்குத் தெரியாதா? பூவனநாதன் அவள் முகத்தைப் பார்த்தார், கையை எடுத்துக்கொண்டார். அடுத்த போர்டு 124. அதற்கடுத்தது 116. பிறகு 121.

ஐம்பதும் முடிந்தது. சுதாராணி கணக்கைப் போட்டு லேப்டாப்பை இவர்கள் பக்கம் திருப்பினார். 1.38. லைனே எழுந்து கைதட்டியது. முதலாளி இரண்டு தடவை கண்ணாடியைத் துடைத்துப் பார்த்துக்கொண்டார். யோகலட்சுமிக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது, அழுதாள்.

அறிக்கையில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் நடுவில் என்ன மாற்றம் செய்தீர்கள் என்று சுதாராணி கேட்டார். ஒன்றுமே செய்யவில்லை என்று யோகலட்சுமி உள்ளதைச் சொன்னாள்.

பூவனநாதன் முன்னால் வந்தார். "ஒண்ணும் செய்யலன்னு எழுதிராதீங்க மேடம். எங்க எல்லாரையும் ஐம்பது போர்டு முடியுத வரைக்கும் திருகைத் தொடாமச் சும்மா நிக்க வச்சிருக்கா. இவ பேரை எழுதுங்க."