பாயிற சட்டி

என் அத்தையின் கலியாணத்தை நான் என் உடம்பால் கெடுத்தேன் என்று எங்கள் சொந்தத்துக்குள் ஒரு கதை உண்டு. பதினொரு வயதில் நான் நாற்பத்தெட்டுக் கிலோ. கொக்குவிலில் என் வயதுப் பொடியன்கள் பந்தைத் துரத்திக்கொண்டிருக்க, என்னை மட்டும் அகலத்தைக் கருதி கோல் கம்பங்களுக்கு நடுவே நிறுத்தியிருந்தார்கள்.

சித்தப்பாவிடம் பழைய அமெரிக்கக் கார் ஒன்று இருந்தது. அது எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பினால் இரண்டு பக்க மதிலும் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். கிளச் இல்லாத, தானாகக் கியர் மாறுகிற கார். கலியாணங்களில் மாப்பிள்ளையை ஏற்றி வருவதுதான் அதன் ஒரே வேலை. அதை வைத்துத்தான் சித்தப்பா ஊரில் நிமிர்ந்து நடந்தார். அத்தைக்கு நாள் வைத்த கிழமை பார்த்து அதன் டோர்க் கொன்வேர்ட்டர் போய்விட்டது. என்ஜினின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர்ப்பெட்டிக்குக் கொடுக்கிற சாமான் அது. இரண்டு சட்டிகளை வாயோடு வாய் வைத்து ஒட்டினாற்போல இருக்கும் என்பதால் வீட்டில் அதன் பெயர் சட்டி. சட்டி போனால் என்ஜின் தன் பாட்டுக்குச் சுற்றும். கார் நின்ற இடத்திலேயே நிற்கும்.

கனடாவிலிருந்த பெரியப்பா புதிது வாங்கி அனுப்புவதாகச் சொன்னார். ஆனால் அங்கே கடைக்காரன் இரண்டு விஷயம் கேட்டானாம்: காரின் எடை என்ன, வழக்கமாக என்ன வேகத்தில் ஓடுவீர்கள்?

எடைக்காக, லொறிகளை நிறுக்கும் தராசுக்குக் காரை உழவு இயந்திரத்தில் கட்டி இழுத்துப் போனோம். வெறும் காரைத்தான் நிறுக்க வேண்டும், எல்லோரும் இறங்குங்கள் என்றார்கள். நான் இறங்கவில்லை. பின்சீற்றுக்குக் கீழே படுத்து, இழுத்து வந்தவர்களுக்கென்று வாங்கிய மரக்கறி ரோல்ஸில் நான்காவதைத் தின்றுகொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது மனச்சாட்சி குத்தி, சித்தப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"உன்ரை பாரமும் ஒரு பாரமே? இது ரெண்டு தொன் கார். யானைக்கு மேலை இலையான் இருந்தமாதிரி."

என்னை ஓர் ஈயாக, இலையான் என்று சொன்ன முதல் மனிதர் அவர்தான். அவருக்காக உயிரையும் கொடுக்கலாம் என்று நினைத்தேன்.

அன்று மாலை பெரியப்பா போனில் விளக்கினார். சட்டியில் இரண்டு வகை. ஒன்று அக்சிலேற்றரில் காலை வைத்தவுடன் பிடித்து இழுக்கும். பாரமான காருக்கு அதுதான் சரி. மற்றது பந்தயக்காரர் போடுவது. என்ஜின் நன்றாக உறுமி ஏறிய பிறகுதான் பிடிக்கும், பிடித்தால் பாயும். பக்கத்தில் இருந்து சட்டைக்கு ஊக்குத் தைத்துக்கொண்டிருந்த அத்தை தலை நிமிராமலே சொன்னார்:

"சின்னண்ணை, உங்கடை கார் மேளகாரருக்குப் பின்னாலைதானே போறது. அந்த வேகத்தைச் சொல்லுங்கோவன்."

சித்தப்பா போனைக் கையால் பொத்திக்கொண்டு முறைத்தார். வெள்ளைக்காரனிடம் போய் நடைவேகம் என்று சொல்வதா? கையை எடுத்தார்.

"எண்பது மைல், அண்ணை. அவசரமெண்டால் நூறு."

ஒழுங்கையில் நாய் குறுக்கே படுத்திருந்தால், அது எழும்பும்வரை காத்து நிற்கும் கார் அது. பாயிற சட்டிதான் வந்து சேர்ந்தது.

கலியாணத்தன்று பிள்ளையார் கோயிலடியில் மாப்பிள்ளை ஏறினார். கூடவே தோழன், இரண்டு வாழைக்குலை, நான். முன்னால் மேளம். சித்தப்பா மிதித்தார். கார் உறுமியது, அசையவில்லை. இன்னும் மிதித்தார். நாதஸ்வரக்காரரின் கன்னம் உப்புவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் மிதித்தார், பாய்ந்தது. தவில்காரர் தவிலோடு மதிலில் ஏறினார். பிரேக். பிறகும் உறுமல், பாய்ச்சல், பிரேக். ஒவ்வொரு பிரேக்குக்கும் மாப்பிள்ளையின் தலைப்பாகை ஒரு அங்குலம் இறங்கி, மூக்கில் வந்து நின்றது. பாதி வழியில் எண்ணெய் கொதித்துக் காருக்கு அடியிலிருந்து புகை கிளம்பியது. முகூர்த்தத்துக்கு இருபது நிமிடம் இருந்தது.

மாப்பிள்ளை ஓட்டோவில் போனார். தலைப்பாகையோடு தலை உள்ளே போகாததால் அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஓட்டோ முன்னால் போக, மேளம் அடித்துக்கொண்டே பின்னால் ஓடியது.

தாலி நேரத்துக்கு ஏறிவிட்டது. அதன் பிறகுதான் மாப்பிள்ளையின் தகப்பன் சபை நடுவில் சித்தப்பாவைப் பார்த்து, காருக்குப் புதுச் சாமான் போட்டதென்றார்களே, அதைத் தெரிந்தெடுத்தது ஆர் என்று கேட்டார். நாதஸ்வரம்கூட ஓய்ந்திருந்த நேரம். சித்தப்பாவின் முகம் பழைய என்ஜின் எண்ணெய் நிறத்துக்கு மாறியது. பிறகு அவர் கண் என்மேல் விழுந்தது.

"கார் நிறுக்கேக்கை உவன் உள்ளுக்கை படுத்துக் கிடந்தவன். பாரம் பிழைச்சுப் போச்சு."

எல்லோரும் என்னை இடமிருந்து வலமாகப் பார்த்தார்கள். நம்புவதற்கு ஒருவரும் கஷ்டப்படவில்லை. சபை முழுக்கச் சிரித்தது. மணவறையில் இருந்த அத்தை எதையோ சொல்ல வாயைத் திறந்தார். சித்தப்பாவைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

இனி வாழ்நாளில் சாப்பிடுவதில்லை என்று தீர்மானித்துக் கிணற்றடியில் போய் இருந்தேன். அந்த விரதம் முக்கால் மணி நேரம் நீடித்தது. கூறைச்சேலையோடு அத்தையே தேடி வந்து, கலியாணப் பலகாரத்தில் மூன்று அரியதரத்தை என் கையில் வைத்தார்.

"ஒண்டும் கதைக்காமல் நிண்டியே, நல்ல பிள்ளை" என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

இவ்வளவு பெரிய குற்றத்தை அத்தை மன்னித்துவிட்டாரே என்று கண்ணீரோடு மூன்றையும் தின்றேன். யானையும் இலையானும் எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. எண்பது மைலும் வரவில்லை. அவர் தந்தது கூலி என்பது புரிய எனக்குப் பல வருடம் பிடித்தது. அன்றே புரிந்திருந்தால் ஆறு கேட்டிருப்பேன்.