செவ்வந்தி அணைத்த சூடம்

செவ்வந்தியின் வாய் ஊரறிந்த வாய். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வெட்டும் கூட்டத்தில் மேஸ்திரியே அவளிடம் அளந்துதான் பேசுவார். புருஷன் செத்த பிறகு அந்த வாயை வைத்துத்தான் மகள் ஷாலினியைக் கள்ளக்குறிச்சி காலேஜ் வரைக்கும் கொண்டுவந்தாள். வாய் இல்லாதவளாக இருந்திருந்தால் ஊரே ஏறி மிதித்திருக்கும்.

போன மாசியில் அவளுடைய சினை ஆட்டை எவனோ ஓட்டிக்கொண்டு போய்விட்டான். செவ்வந்தி மாரியம்மன் கோயில் வாசலில் தலைவிரி கோலமாக நின்று, மூன்று கை மண்ணை வாரித் தூற்றிச் சாபம் விட்டாள். யாரோ அதைப் போனில் எடுத்தார்கள். அன்றைக்கு ஆரம்பித்தது சனியன்.

அந்தச் சாபத்தை வெட்டி, தாளம் சேர்த்து, கேட்ச் விட்ட கிரிக்கெட்காரனுக்கு ஒட்டினார்கள். கரண்ட் நின்றதற்கும், பஸ் நிற்காமல் போனதற்கும், பரோட்டாவுக்குச் சால்னா தராத கடைக்காரனுக்கும் செவ்வந்தியே மண் வாரித் தூற்றினாள். வெட்டுக்குப் போன இடமெல்லாம் பெண்கள் போனை நீட்டிச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பொய் சொல்வானேன், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் விட்ட சாபம் ஆள் தெரியாமல் ஊர் சுற்றுகிறதே என்று ஒரு பயமும் இருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலையில் பக்கத்து ஊர் ஜெயசுதா வாசலில் வந்து நின்றாள். அவள் மகன் கலையரசன் கல்வராயன் மலை வளைவில் வண்டியோடு விழுந்து, ஐந்து நாளாக ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தான். விழுவதற்கு இரண்டு நாள் முன்னால் அவன் போட்டோவைச் செவ்வந்தியின் சாபத்தோடு ஒட்டி யாரோ சுற்றவிட்டிருந்தார்கள்.

"உங்க வாயால வந்ததுதானக்கா? நீங்களே எடுத்துடுங்க. என் புள்ள போயிடுவான்."

"உன் புள்ளைய நான் கண்ணாலகூட பாத்ததில்லம்மா. நான் வுட்டது ஆட்டுத் திருடனுக்கு. எவனோ வெட்டி ஒட்னதுக்கு நான் இன்னா பண்ணுவேன்?"

ஜெயசுதா போனை அவள் காதருகே வைத்தாள். 'நடுரோட்டுல கையி காலு முறிஞ்சி கெடப்படா!'

இந்த வார்த்தையைச் செவ்வந்தி கோயிலில் சொல்லவே இல்லை. மறுநாள் காலையில், ஆடு கட்டியிருந்த வெறும் கயிற்றைப் பார்த்து மனசு ஆறாமல், அடுப்படியில் உட்கார்ந்து சொன்னது. அப்போது வீட்டில் இருந்தது ஷாலினி ஒருத்திதான், கையில் போனோடு. திரும்பிப் பார்த்தாள். கதவோரம் நின்ற ஷாலினியின் முகத்தில் ஈயாடவில்லை. கூடப் படித்த பையன் வேறு பெண்ணோடு நிச்சயம் செய்துகொண்டான் என்று ஒரு வாரம் சோறு தின்னாமல் கிடந்தாளே, அவன் யார் என்று அம்மாவுக்கு இப்போதுதான் விளங்கியது.

"சாபத்த எடுங்க," என்றாள் ஜெயசுதா. "அத்தோட, இத யாரு செஞ்சதுன்னு உங்களுக்குத் தெரியாதுன்னு சூடம் அணைச்சி சத்தியம் பண்ணுங்க. நம்பிக்கினு போறேன். இல்லாட்டி போலீஸு பாத்துக்கட்டும்."

மாலையே கோயிலில் கூட்டம் கூடிவிட்டது. செவ்வந்தி மஞ்சள் தண்ணீரில் வாய் கொப்பளித்து, கலையரசன் பெயரைச் சொல்லிச் சாபத்தைத் திரும்ப எடுத்தாள். பிறகு சூடத்தைக் கொளுத்தினார்கள். பொய்யாகச் சூடம் அணைத்தால் பெற்ற பிள்ளைக்கு ஆகாது என்பது அங்கே நின்ற குழந்தைகளுக்கும் தெரியும். போலீஸ் பொறுக்காது, ஆத்தாளாவது கொஞ்சம் பொறுப்பாள் என்று நினைத்தாள் அவள். "ஆத்தா சத்தியமா எனக்குத் தெரியாது" என்று எரியும் சூடத்தை உள்ளங்கையால் அடித்தாள். சுற்றிலும் போன்கள். ஜெயசுதா அந்தக் கையைப் பிடித்து அழுதுவிட்டுப் போனாள்.

இரண்டாம் நாளே அதுவும் வெட்டுப்பட்டு வந்துவிட்டது. பரீட்சையில் விழிப்பவனுக்கும், சம்பளம் எங்கே என்று கேட்ட பெண்டாட்டியிடம் மாட்டிக்கொண்டவனுக்கும் பதில் செவ்வந்திதான். 'ஆத்தா சத்தியமா எனக்குத் தெரியாது.' டீக்கடையில், பஸ்ஸில், பக்கத்து வீட்டில் சூடம் எரிந்தது, கை இறங்கியது, மறுபடியும் எரிந்தது.

"அத அழிச்சிடுடி."

"ஊருல இருக்கறவன் போன்ல எல்லாம் நான் எப்டிம்மா அழிக்கிறது?"

"எத்தினி பேரு பாத்தாங்க?"

ஷாலினி தலை நிமிராமல் சொன்னாள். "நாலு லட்சம்."

"அப்ப நாலு லட்சம் தரம் அணைச்சிட்டனா?"

செவ்வந்தி மகளை இழுத்து, சூடம் சுட்ட கையை நெற்றியில் வைத்துப் பார்த்தாள். சூடா இல்லையா என்று அவளால் சொல்ல முடியவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ அதை மறுபடியும் போட்டார்கள்.