ஆள் குறைந்த பக்கம்

பிராண்டே ஊரிலுள்ள தொழிற்சாலையில் என்னோடு ஒருவர் வேலை செய்தார். கழுத்தே தெரியாது. காதுகள் ரக்பியில் நசுங்கி உளுந்து வடைபோல் உப்பியிருக்கும். சாப்பாட்டு நேரத்தில் எந்த மேசையில் ஆள் குறைவோ அங்கே போய் உட்காருவார்.

பிராண்டே இருக்கும் யூலண்டுப் பகுதியில் முன்பிருந்த ரக்பி லீக்கில் ஆடியவராம்.

"எந்த ரீம் அண்ணை?" என்று அவருடைய அணியைக் கேட்டேன்.

"ஆள் குறைஞ்ச ரீம். எதிர்ப்பக்கம் ஆக்கள் காணாட்டி எங்கட ஆளைக் குடுக்கிறது வழக்கம். எப்பவும் என்னைத்தான் குடுப்பினம்."

"லீக் ஏன் நிண்டது?"

"ரெண்டு பக்கமும் ஆள் குறைஞ்சு போச்சு தம்பி. நான் ஒராள், எந்தப் பக்கம் போறது?"

போன கோடையில் எங்கள் கரப்பந்தாட்டத்தில் எதிரணிக்காரர் ஒருவர் கால் சுளுக்கி உட்கார்ந்தார். வென்றுகொண்டிருந்த எங்களை விட்டு, இவர் வலைக்குக் கீழே குனிந்து அந்தப் பக்கம் போனார். நாங்கள் தோற்றோம். கோபப்படவும் வழியில்லை, வென்றது எங்களுடைய ஆள்.