அம்மனுக்கு அளவு ஜாக்கெட் கிடையாது

தையல்காரிக்கு எல்லா மதமும் இஞ்சு டேப் வழியாகத்தான் அறிமுகமாகும். மரக்காணம் பஜாரில் மிஷின் போட்டிருக்கும் நான் தொழுகை, நோன்பு என்று வளர்ந்தவள். மற்ற சாமிகளைத் தெரிந்துகொண்டது கஸ்டமர்கள் புண்ணியத்தில். மிஷின் மிதித்து முட்டி தேய்ந்த சகோதரிகளே, உங்கள் கதையும் இதுதானே?

கையாலேயே அளவு

ஆடித் திருவிழாவுக்கு அம்மனுக்குப் பாவாடை, ஜாக்கெட் தைக்கணும் என்று பூசாரி வந்தார். அளவு ஜாக்கெட் கேட்டேன். பழசையெல்லாம் பக்தர்கள் வாங்கிக்கொண்டு போய்விட்டார்களாம். "டேப் தர்றேன், நீங்களே அளந்துட்டு வாங்க" என்றதும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சாமிய அளக்கலாமா, பாயம்மா?" பிறகு கடை நடுவில் நின்று, "தோள் இங்கேர்ந்து இங்க, இடுப்பு இவ்ளோ" என்று காற்றில் காட்டினார். அதைப் பார்த்துத்தான் துணியை வெட்டினேன்.

திருவிழா அன்று காலையில் வேர்க்க வேர்க்க ஓடிவந்தார். ஜாக்கெட் தோளில் ஏறவில்லை. ஊரே பால்குடத்தோடு காத்திருக்கிறது. முஸ்லிம் பொம்பளை தைத்ததால் வந்த குறை என்று யாராவது கிளப்பிவிட்டால்? உள்ளே விட்டிருந்த துணியைப் பிரித்துத் தைத்தேன். பூசாரி குனிந்து ரகசியமாகச் சொன்னார்: "உம்மேல தப்பில்ல பாயம்மா. இந்த வருஷம் அபிஷேகம் ஜாஸ்தி, அம்மா கொஞ்சம் பூசுனாப்ல இருக்காங்க."

ஒரே வரி

குயிலாப்பாளையத்தில் தங்கியிருந்த வெள்ளைக்காரம்மா ஒருவர் குர்தா தைக்க வந்தார். மதங்களைப் பற்றிப் படிக்கிறாராம். கெஸ்ட் ஹவுஸில் வேலை பார்க்கும் செல்வி மொழிபெயர்த்தாள். "பர்தா ஏன் போடுறீங்கன்னு கேக்கறாங்கக்கா." இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. யோசித்து யோசித்து ரொம்ப நேரம் சொன்னேன். நடுவில் கண்கூடக் கலங்கியது. செல்வி ஒரே வரியில் முடித்துவிட்டாள். "என்னடி, அவ்ளோதானா?" என்றேன். "மீதியெல்லாம் நீங்க உங்க மாமியார திட்டுனதுக்கா, அத வுட்டுட்டேன்."

காவிச் சட்டை

உப்பளத்தில் ஒன்றாக வேலை செய்யும் அந்தோணியும் முருகேசனும் ஆளுக்கொரு காவிச் சட்டை தைக்கக் கொடுத்தார்கள். அவன் வேளாங்கண்ணிக்கு நடக்கிறான், இவன் மயிலம் முருகனுக்கு. அந்தோணிக்கு ஜெபமாலை வைக்கச் சின்னப் பாக்கெட்; முருகேசனுக்குத் திருநீற்றுப் பொட்டலம் வைக்கப் பெரிய பாக்கெட். முருகேசன்தான் இரண்டையும் வாங்கிப்போனான்.

இரண்டு பேரும் கிளம்பிய பிறகுதான் முருகேசன் சம்சாரம் வந்து, சட்டை மாறிப்போச்சு என்றாள். வேண்டுதல் சட்டையாச்சே! எந்தச் சாமிக்குக் கோபம் வரும் என்று தெரியாமல், இரண்டு பேருக்கும் சேர்த்து எங்க அல்லாவிடமே துஆ கேட்டேன். திரும்பி வந்த அந்தோணி நேரே கடைக்கு வந்தான். "திருநீறு பாக்கெட்டுல ஜெபமாலை சூப்பரா அடங்கிச்சுக்கா. அடுத்த வருஷமும் அந்த மாதிரியே வச்சுடுங்க."

கஸ்தூரி வைத்த காவல்

பக்கத்து இட்லிக்கடை கஸ்தூரி, ரம்ஜான் மாசத்தில் என்னைவிடக் கண்டிப்பு. என் கடைப்பக்கம் திரும்பி யாராவது டீ குடித்தாலே, "ஏம்பா, அங்க நோன்பு இருக்காங்க, தெரியல?" என்று விரட்டுவாள். ஒருநாள் திரைக்குப் பின்னால் நான் டீ குடிப்பதைப் பார்த்துவிட்டாள். "அடிப்பாவி! உங்க அல்லா வுட்டாலும் நான் வுட மாட்டேன்!" பஜாரே திரும்பிப் பார்த்தது. அவளை உள்ளே இழுத்து, மாசத்தில் அந்த நாட்களில் எங்களுக்கு நோன்பு கிடையாது, பிறகு பிடித்துக்கொள்வோம் என்று காதில் சொன்னேன். முகம் விழுந்துபோயிற்று. "நாங்களும் அப்ப கோயிலுக்குப் போறதில்லையே... முன்னாடியே சொல்லக் கூடாதா? ரெண்டு வடையும் கொண்டாந்திருப்பேனே!"

மதத்துக்கு மதம் ஆயிரம் வித்தியாசம் இருக்கட்டும். பண்டிகைக்கு முந்தின சாயங்காலம் துணியைக் கொடுத்துவிட்டு, "காலையில வேணும்" என்று கேட்பதில் மட்டும் எல்லா பக்தர்களும் ஒரே மதம்தான்.