மச்சானுக்கு மூன்றாவது ஊசி

இரண்டு ஊசி போட்டுக்கொண்ட தெம்பில், கோட்டைக்குப்பத்தில் மச்சான் வீட்டு வாசலில் நின்று, "இனிமே கொரோனா என் கிட்டவே வராது" என்று சத்தியம் செய்தவன் நான். நாலு புத்தகம் படித்தவன் சொல்கிறானே என்று யாரும் நம்பிவிடவில்லை. மச்சான் மட்டும், அதாவது என் மனைவியின் அண்ணன், நம்பி அவரும் இரண்டு ஊசி போட்டுக்கொண்டார். அவருக்கு ஆஸ்துமா இழுப்பு உண்டு.

பிறகு உருமாறிய கிருமி வந்தது. குடும்பத்தில் அது முதலில் பிடித்த ஆள் நான்.

மூன்றாவது ஊசி என்றதும் மச்சான் முடியாது என்றுவிட்டார். கிருமி அந்த நெஞ்சுக்குள் இறங்கினால் தாங்கமாட்டார். "நீங்க கெடுத்தத நீங்களே போய்ச் சரி பண்ணுங்க" என்று மனைவி என்னைத் துரத்தினாள்.

நான் போன நாள் சரியில்லை. மறுநாள் அவருடைய பாடு. ஏரியில் மீன் படும் இடத்தில் வலை போட ஆளாளுக்கு முறை உண்டு, அதுதான் பாடு. ஊசி போட்ட காய்ச்சலில் படுத்தால் முறை போனது போனதுதான். அது தெரிந்தும், "இன்னிக்கே போட்டுக்குங்க மச்சான்" என்றேன்.

பழுது பார்த்துக்கொண்டிருந்த வலையிலிருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை. "ஜுரம் வந்தா ஏரில நீ எறங்குவியா மாப்ள?"

"சரி, பாடு முடிஞ்சதும்…"

"முடிஞ்சதும் இன்னா? கிட்ட வராதுன்னு நீதான சொன்ன? உன்னத்தான மொதல்ல கவ்விச்சி?"

வாயை மூடியிருக்கலாம். விளக்கினேன். ஊசி பழைய கிருமியின் மேல் இருக்கும் முள்ளை உடம்புக்குக் காட்டிக்கொடுக்கிறது. உடம்பு எதிர்ப்பொருள் செய்கிறது. அது முள்ளில் ஒட்டிக்கொண்டால் கிருமி உள்ளே நுழைய முடியாது. ஆனால் கிருமி முள்ளின் வடிவத்தை மாற்றிக்கொண்டே போகிறது. பழைய எதிர்ப்பொருளில் பலதுக்குப் பிடி கிடைப்பதில்லை. மாதம் போகப்போக அளவும் குறைகிறது. அதனால் கிருமி தொண்டை வரை வந்துவிடும். மாறாத இடங்களைப் பிடிக்கிறவை கொஞ்சம் மிஞ்சும். பழசை மறக்காத செல்களும் உண்டு. பெரும்பாலும் ஆளைச் சாகாமல் காப்பாற்றுவது அந்தக் கூட்டம்தான். இன்னொரு ஊசி போட்டால் அளவு ஏறும், புது வடிவங்களிலும் சிலதைப் பிடிக்கும்.

"முடிச்சிட்டியா? மொதல்ல வராதுன்ன. இப்போ தொண்டை வரைக்கும் வரும்ன்ற. அடுத்த தபா எது வரைக்கும்?"

"உங்க நெஞ்ச நெனச்சுத்தான் மச்சான்…"

"என் நெஞ்ச நான் பாத்துக்கறேன். நீ மொதல்ல மாஸ்க்க மேல இழு. இழுத்துட்டு அப்டியே கெளம்பு."

மாஸ்க் தாடையில் தொங்கிக்கொண்டிருந்தது. கிளம்பினேன்.

பாடு முடிந்த மறுநாள் அவர் பழவேற்காடு போய் ஊசி போட்டுக்கொண்டதாகச் செய்தி வந்தது. சில வாரம் கழித்துக் கிருமி அவரையும் பிடித்தது. தொண்டைவலி, ஜுரம், இருமல். இழுப்பு கூடவில்லை, ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவில்லை. ஒரே ஆளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். அதற்காகக் கிடைத்த வெற்றியை விட முடியுமா? அவர் தேறியதும் பஸ் பிடித்துப் போய், அவர் மனைவியிடம், "பாத்தியாம்மா, நான் சொன்னதக் கேட்டதால…" என்று ஆரம்பித்தேன்.

"நீ சொன்னத யாருண்ணா கேட்டாங்க? போட்டுக்கலன்னா மறுபடியும் வந்து ஒக்காந்து வெளக்குவியேன்னு பயந்துதான் போட்டுக்கினாரு" என்றாள்.