ரிங் இல்லாத மைதானம்

தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டபோது எங்கள் பள்ளி மைதானத்தில் இருந்த இரண்டு கூடைப்பந்துக் கம்பங்களும் சாய்ந்தன. ஒன்று மதில்மேல் விழுந்தது, இன்னொன்று இடுப்பளவில் மடங்கிப்போனது. சீக்கிரம் சரி செய்துவிடலாம் என்று தலைமையாசிரியை சொன்னார். கூரை போன வகுப்பறைகளே காத்துக் கிடக்கும்போது பந்து போடுகிற வளையத்துக்காக யார் கவலைப்படுவார்கள்? நான் அங்கே பி.டி. டீச்சர். ஊதுவதற்கு விசில் மட்டும் இருந்தது.

சரி, தடுத்து ஆடப் பழகுவதற்கு ரிங் எதற்கு என்று தோன்றியது. ரிங் இருந்த இடத்துக்குக் கீழே, சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டேன். நான்கு பேர் பந்தோடு வர வேண்டும், நான்கு பேர் தடுக்க வேண்டும். பந்தோடு ஒருத்தி கட்டத்துக்குள் கால் வைத்துவிட்டால் தடுத்தவர்களுக்குத் தோல்வி. தொடர்ந்து மூன்று முறை தடுத்தால்தான் வெளியே வரலாம். கடைசியில் தோற்று நிற்கிற அணி, புயலில் விழுந்து கிடக்கும் கிளைகளை இழுத்து ஓரமாகப் போட வேண்டும். அதற்குப் பிறகு ஜெயிப்பதில் அப்படி ஒரு வெறி வந்தது, முழங்கை தேயாத பெண்ணே கிடையாது.

ஆளுக்கு ஓர் ஆளைப் பிடித்துக்கொள்வதுதான் இந்தத் தடுப்பாட்டம். ஆனால் பக்கத்தில் இருப்பவள் ஏமாந்து, பந்து அவளைத் தாண்டிவிட்டால், நம் ஆளை விட்டுவிட்டு ஓடிப்போய் மறிக்க வேண்டும். நாம் விட்டுவந்த ஆளை வேறொருத்தி வந்து பிடித்துக்கொள்வாள். அவள் வருகிறாளா என்று திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தவளை நான் திட்டிய திட்டு அடுத்த தெரு வரைக்கும் கேட்டிருக்கும்.

திரும்பியே பார்க்காத ஒருத்தி இருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு, பண்ருட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். புயலில் அவர்களுடைய முந்திரித் தோப்பு மொத்தமும் வேரோடு போயிற்று. புதுக்கன்று வைத்துக் காய்க்க வருஷக்கணக்காகும். அவள் அப்பா என்னிடம் நேராகவே சொன்னார்.

"ஃபீஸ் இல்லாம படிக்க வெச்சாங்கன்னா படிக்கட்டும் டீச்சர். இல்லாட்டி திருப்பூரு பனியன் கம்பெனிக்குத்தான். ஏஜெண்டு வந்து கேட்டுட்டுப் போயிட்டாரு."

சிதம்பரத்தில் ஒரு கல்லூரி ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் படிப்பும் ஹாஸ்டலும் இலவசமாகத் தருவதாக இருந்தது. எங்களுக்கு வேறு வழி எதுவும் தெரியவில்லை.

மே மாதத்தில் செலக்‌ஷன் வைத்தார்கள். வந்திருந்த பெண்களைக் கலந்து அணி பிரித்து ஆடவிட்டார்கள். அவளோடு நின்ற நான்கு பேரும் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்துக்கொண்டவர்கள். ஆரம்பத்திலேயே ஒருத்தி ஏமாந்தாள், பந்து உள்ளே வந்தது. இவள் தன் ஆளை விட்டுவிட்டு ஓடி மறித்தாள். அவ்வளவு அழகாக மறித்தாள். உடனே பந்து இவள் விட்டுவந்த பெண்ணின் கைக்குப் போயிற்று. அவளைப் பிடிக்க யாரும் வரவில்லை. தனியாக நின்று, நிதானமாகக் குறி பார்த்துப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே கதை. பிறகும் அதே. கம்பி வேலிக்கு வெளியே நின்று, "போவாதடி, உன் ஆளப் பாரு" என்று கத்தினேன். என் வாயால் அப்படிச் சொல்வேன் என்று நான் நினைத்ததே இல்லை. அவள் காதில் விழவில்லையா, விழுந்தும் போனாளா, தெரியாது.

தேர்வு செய்தவர் நல்ல மனுஷர்தான். "பொண்ணு நல்லா ஓடுதுங்க. ஆனா அது புடிக்க வேண்டிய ஆளுதான் அத்தன பாயிண்டும் போட்டுச்சு" என்றார். நான் விளக்க ஆரம்பித்தேன். அதற்குள் அடுத்த அணியை உள்ளே கூப்பிட்டுவிட்டார்.

பஸ்ஸில் அவள் அழவில்லை. புதுச்சத்திரம் தாண்டிய பிறகு, "நான் போனது சரிதான மிஸ்?" என்று கேட்டாள். சரிதான் என்றேன். அது சரியாக இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. தப்பு செய்திருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பேன். ஜூன் பிறப்பதற்குள் அவளைத் திருப்பூருக்கு அனுப்பிவிட்டார்கள்.

பள்ளி திறந்ததும் பயிற்சியைத் தொடங்கினேன். பந்து ஒருத்தியைத் தாண்டி உள்ளே போயிற்று. பக்கத்தில் நின்றவள் அசையவில்லை. மறுபடி ஆடச் சொன்னேன். இந்தத் தடவை வேறொருத்தி நின்ற இடத்திலேயே நின்றாள். விசிலை ஊதி நிறுத்தினேன்.

"ஏண்டி, கண்ணு தெரியலையா? போவ வேண்டியதுதான?"

"என் ஆள நான் புடிச்சிருக்கேன் மிஸ்."

"அவ ஏமாந்துட்டாளே, பார்த்த இல்ல?"

"பார்த்தேன் மிஸ்" என்றாள். பிறகு, "சிதம்பரத்துல அக்கா அப்படிப் போனாங்க இல்ல?" என்றாள்.

குரலில் துடுக்கு எதுவும் இல்லை, தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டாள். மற்றவர்களும் அவரவர் ஆளை ஒட்டி நின்றபடியே, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.