கடையில் கிடைக்காத டையோடு

என் மனைவி விருதுநகரில் ஒரு பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுக்கிறாள். அவளுடைய அக்கா, எனக்கு மதினி, விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கிறார். வெயிலில் சூடு ஏறினால் மருந்து பற்றிக்கொள்ளலாம், அந்த வேலையை நிறுத்தியாக வேண்டும். எப்போது நிறுத்துவது என்பதைப் போர்மேன் தன் நெற்றி வியர்வையை வைத்து முடிவு செய்துகொண்டிருந்தார். போன கோடைக்கு முன் மனைவி அதற்கு ஓர் அலாரம் செய்யப் புறப்பட்டாள். முதலாளியும் சம்மதித்தார்.

சூட்டை அறிய அவள் எடுத்துக்கொண்டது ஒரு டையோடு. மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடும், நெல்மணி அளவுக் கண்ணாடித் துண்டு. ஒரு டிகிரி ஏறினால் அதன் மின்னழுத்தம் ஏறக்குறைய இரண்டு மில்லிவோல்ட் இறங்கும். மருந்து அறைக்குள் மின்சாரம் போகக்கூடாது. அதனால் டையோடு வெளிச்சுவரில், கூரை விளிம்புக்குக் கீழே. மணி தூரத்தில், வாசல் கேட்டில்.

கம்ப்யூட்டரில் சர்க்யூட்டை வரைந்து ஓட்டிப் பார்த்தாள். போர்மேன் சொன்ன முப்பத்தொன்பது டிகிரியில் மணி அடிக்க வேண்டும், திரையில் அடித்தது. செய்து முடித்து, காலை ஏழு மணிக்குச் சமையலறையில் சுவிட்சைப் போட்டாள். உடனே கத்தத் தொடங்கியது. பேட்டரியைக் கழற்றும்வரை ஓயவில்லை.

அன்று வீட்டுக்கு வந்திருந்த மதினி முதலில் சிரித்தார். அவரும் கூட வேலை பார்ப்பவர்களும் எண்ணிக்கைக்குக் கூலி வாங்குகிறவர்கள், எழுந்து வந்தால் கூலி குறையும். பிறகு சொன்னார்: “ஏட்டி, இது ஒரு தடவ பொய்யாக் கத்துனா எந்திரிச்சு வருவோம். ரெண்டாந்தடவ ஒரு சாக்க நனச்சு அந்த டையோடு மேல போட்டுட்டு வேலயப் பாப்போம். அப்புறம் நெசமாவே சூடு ஏறுனாலும் அது கத்தாது, பாத்துக்க.”

மனைவி மீண்டும் கம்ப்யூட்டரைத் திறந்தாள். மாலைக்குள் தவறைக் கண்டுபிடித்துவிட்டாள். மென்பொருள் தானாகக் கொடுத்த டையோடை அப்படியே வைத்திருந்தாள். அதன் எண்கள் கணக்கு வசதிக்காக வைத்தவை. “நான் சூட்ட மாத்தி மாத்திப் பாத்தேன். டையோட மாத்தல. அதுல இருக்கது எந்தக் கடையிலயும் கிடைக்காது” என்றாள்.

அடுத்த இரண்டு வாரம், மதுரையில் வாங்கிய டையோடுகளை ஒவ்வொன்றாகக் காலிப் பேனா ரீபில் குழாயில் நுழைத்து, பசையால் அடைத்து, சில்வர் டம்ளர் வெந்நீரில் தெர்மாமீட்டரோடு தொங்கவிட்டாள். தண்ணீர் ஆற ஆற, ஒவ்வொரு டிகிரிக்கும் மில்லிவோல்ட்டைக் குறித்தாள். ஒரே காகிதப் பட்டையில் ஒட்டி வந்த டையோடுகள்கூட ஒன்றுபோல் இல்லை. மின்விசிறியை நிறுத்த மறந்த ஒரு மாலையின் அளவுகளை, காற்று பட்டுவிட்டது என்று முழுவதும் கோடிட்டு அடித்துவிட்டாள். பத்திரிகை வேலையில் ஒரு தகவலை இரண்டு பேரிடம் கேட்டால் போதும் என்று பழகியவன் நான். யாரும் கேட்கப்போகாத ஓர் எண்ணை அவள் மூன்று முறை எடுத்தாள்.

சர்க்யூட்டில் வைக்கப்போகும் அந்த ஒரு டையோடின் எண்களை மென்பொருளில் ஏற்றினாள். திரையின் கோடு அவள் குறித்த புள்ளிகள் மேல் படிந்தபோது மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, அந்த எண்களுக்கு ஏற்பச் சர்க்யூட்டைத் திருத்தினாள்.

சித்திரையில், பதினொரு மணி தாண்டி மணி முதன்முறை அடித்தபோது நான் கேட்டில் நின்றிருந்தேன். அந்த அறையின் நான்கு பெண்களும் வெளியே வந்தார்கள். போர்மேன் ஓடிப்போய்ச் சுவர்த் தெர்மாமீட்டரைப் பார்த்தார். முப்பத்தொன்பது.

மறுவாரம் மீண்டும் அடித்தது. மாலையில் மதினி போன் செய்தார். தெர்மாமீட்டரில் எத்தனை என்றுதான் மனைவி முதலில் கேட்டாள்.

“யாரும் பாக்கலட்டி. எந்திரிச்சு வந்துட்டோம்.”